மோப்ப டீச்சரும் மூன்றாம் வகுப்புச் சல்சாவும்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் மோப்ப டீச்சர். முதுகுக்குப் பின்னால் வழங்குகிற பட்டப்பெயர் இல்லை. முகத்துக்கு நேரே கூப்பிடுகிற பெயர். "மோப்ப டீச்சர், இவன் என்னைக் கிள்றான்" என்று குரல் வந்தால் அவளும் இயல்பாகத் திரும்பி, கிள்ளியவனை ஒரு பார்வை பார்ப்பாள்.

மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்ததும் வகுப்பு வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிடுவாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டி உள்ளே போகவேண்டும். "நீ முட்டை. நீ வாழைப்பழம். நீ ஜாமை மட்டும் நக்கிட்டு ரொட்டியை அப்படியே மூடி வச்சுட்டே." அகப்பட்டவன் அசடு வழிவான், மற்றதுகள் ஓவென்று கைதட்டும். யாராவது பைக்குள் பழத்தை ஒளித்து வைத்திருந்தால், கணக்குப் பாடத்தின் நடுவில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "மூணாவது வரிசையில ஒரு ஆரஞ்சு உட்கார்ந்து கணக்கு போட்டுட்டு இருக்கு" என்பாள். பக்கத்து வகுப்பு டீச்சர்கள்கூட மூக்கின்மேல் விரலை வைத்தார்கள்.

அந்த மூக்குதான் ஒரு மழைக்காலத்தில் கைவிட்டது.

பெரிய நோய் ஒன்றும் இல்லை. காய்ச்சல், ஜலதோஷம், சில நாள் படுக்கை. எழுந்து குளித்தபோது சோப்பில் வாசனை இல்லை. மட்டமான சோப்பு என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் காபியிலும் இல்லை. தூளில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டாள். அவர் கோபப்படாமல் புது டப்பாவை உடைத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீங்களே மோந்து பாருங்கம்மா. தெருக்கோடி வரைக்கும் மணக்குது." பின்னால் நின்ற இரண்டு பேர், "ஆமா, நல்ல தூளுதான்" என்றார்கள். அவளும் ஆழமாக இழுத்துப் பார்த்தாள். பழுப்பு நிறத்தில் ஒரு பொடி கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். கோளாறு தூளில் இல்லை, தன் மூக்கில்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்டு, வேண்டாத ஒரு பாக்கெட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வீடு வந்தாள்.

யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று முதலில் காத்திருந்தாள். நாள் ஆக ஆக, இவ்வளவு நாள் சொல்லாததை இனி எப்படிச் சொல்வது என்று ஆகிப்போனது. உப்பு, புளிப்பு, காரம் எல்லாம் நாக்குக்குத் தெரிந்தன. ஆகவே சமையல் ஒப்பேறியது. பால் தீய்ந்தால் தெரியாதே என்று, பொங்கி இறக்கும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுப்பையே பார்த்து நிற்பாள். வீட்டில் கணவர் மட்டும்தான். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். கணவருக்கு ஒரு பேக்கரியில் ரொட்டி அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கருக்கலில் போனால் சாயங்காலம் திரும்புவார். போட்டதைச் சாப்பிட்டுவிட்டு "நல்லா இருக்கு" என்பார். என்ன போட்டாலும் அதையேதான் சொல்வார்.

வகுப்பில்தான் நாடகம் தேவைப்பட்டது. கண்ணை மூடுகிற மாதிரி மூடி, இமை இடுக்கில் பார்த்தாள். நகத்தில் மஞ்சள் ஒட்டியிருந்தால் ஆரஞ்சு. உதட்டோரம் தூள் இருந்தால் பிஸ்கட். ஒன்றும் தெரியாவிட்டால், "உனக்கு ஜலதோஷம், நீ தள்ளிப் போ" என்று தப்பித்துக்கொள்வாள். மூன்றில் ஒன்று தப்பாகப் போனது. பிள்ளைகள் பெருந்தன்மையோடு மன்னித்தார்கள். பிறகு, "இப்போ பெரிய பிள்ளைங்க ஆயிட்டீங்க, இதெல்லாம் ஒண்ணாம் கிளாஸ் விளையாட்டு" என்று சொல்லி அதையே நிறுத்திவிட்டாள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இப்படியே ஒரு வருஷம் ஓடியிருக்கும். இரண்டாம் வகுப்பிலிருந்து தேறிய அதே பிள்ளைகளோடு அவளையும் மூன்றாம் வகுப்புக்கு மாற்றியிருந்தார்கள். ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பாடம் வந்தது. எங்கோ தூர தேசத்துப் பெண் ஒருத்தி அப்பாவோடு சேர்ந்து தோட்டத்துத் தக்காளியைப் பறித்து சல்சா செய்கிறாள்.

"டீச்சர், சல்சான்னா டான்ஸு" என்றாள் முதல் பெஞ்சுப் பெண். ஓயாமல் பேசுவதால் அவளை எல்லாரும் ரேடியோ என்பார்கள். "எங்க அக்கா கத்துக்கறா. இடுப்பை ஆட்டணும்."

"தக்காளியைப் போட்டு எப்படி டான்ஸ் ஆடுவாங்க?" என்று ஒருத்தன் கேட்டான்.

"மேலே ஏறி மிதிப்பாங்கடா!"

வகுப்பு இரண்டு கட்சியாகிவிட்டது. டீச்சர் மேஜையைத் தட்டினாள். "டான்ஸுக்கும் அதே பேருதான், சாப்பாட்டுக்கும் அதே பேருதான். தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி எல்லாத்தையும் பொடிப்பொடியா நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கலக்கறது. தொட்டுக்கிட்டுச் சாப்பிடலாம். அடுப்பே வேண்டாம்."

"அடுப்பே வேண்டாமா? அப்போ இங்கேயே பண்ணலாம்ல டீச்சர்?"

முப்பது சொச்சம் முகமும் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்தன. அதற்குமேல் எந்த டீச்சரால் முடியாது என்று சொல்ல முடியும்? உப்பும் புளிப்பும்தானே, நாக்கு பார்த்துக்கொள்ளும் என்று தைரியமாகத் தலையாட்டிவிட்டாள்.

தலைமையாசிரியை யோசித்துவிட்டு மூன்று நிபந்தனை போட்டார். "நெருப்பு கூடாது. கூர் கத்தி கூடாது. எந்தப் பிள்ளையும் அழுதுட்டு வீட்டுக்குப் போகக் கூடாது."

"முதல் ரெண்டுக்கும் நான் பொறுப்பு மேடம். மூணாவதுக்கு வெங்காயத்தைத்தான் கேக்கணும்."

சல்சா நாள் காலையில், இன்னும் முதல் மணிகூட அடிக்கவில்லை, பென்சில் வந்து நின்றான். அவ்வளவு ஒல்லி என்பதால் அந்தப் பெயர். அவன் அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். பகல் ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட் என்று மாறி மாறி ஓடுகிறவள். வகுப்புக்கு எதையாவது கொண்டுவரச் சொன்னால் பெரும்பாலும் பென்சில் வெறுங்கையோடுதான் வருவான். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சுவர்ப் பக்கம் போய் நின்றுகொள்வான். இன்றைக்கு இரண்டு கையாலும் ஒரு எவர்சில்வர் டப்பாவை ஏந்தியிருந்தான்.

"புஸ்தகத்துப் படத்துல மஞ்சளா சோளம் இருந்துச்சுல்ல டீச்சர்? அம்மா அவிச்சுக் கொடுத்தாங்க. மோந்து பாருங்க."

டீச்சர் மூடியைத் திறந்தாள். சோள மணிகள் மினுமினுவென்று இருந்தன. வழக்கம்போலக் கண்ணை மூடினாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். "ஆஹா! வெண்ணெய் போட்டாங்களாடா உங்கம்மா? என்ன வாசனை!"

"கொஞ்சமா போட்டாங்க டீச்சர்!" அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவளுக்கும் மனசு குளிர்ந்தது. டப்பாவை மேஜை நடுவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைத்தாள்.

பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு மேலே செய்தித்தாளை விரித்தார்கள். பேக்கரியிலிருந்து வெண்ணெய் தடவுகிற மழுங்கல் கத்திகளைக் கணவர் இரவல் வாங்கித் தந்திருந்தார். அந்தக் கத்தி தக்காளித் தோலில் இறங்கவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு பயல் பொறுமை இழந்து ஓங்கிக் குத்தினான். தக்காளி வெடித்து எதிரே இருந்தவன் சட்டையெல்லாம் விதை. "முதல்ல டீச்சர் ஒரு கீறல் போட்டுத் தர்றேன், அப்புறம் நீங்க நறுக்குங்க" என்று அவள் மேஜை மேஜையாக ஓடினாள். நறுக்கியது எதுவும் பொடியாக இல்லை. சிலது தாயக்கட்டை அளவு, சிலது கூழ். வெங்காயம் வந்ததும் வகுப்பே மூக்கை உறிஞ்சியது. "நான் அழலை, கண்ணுதான் அழுது" என்று ரேடியோ எல்லாருக்கும் அறிவித்தாள். டீச்சர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. எரிச்சல் தெரிகிறதே, இந்த மட்டில் மூக்கு உயிரோடுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பச்சை மிளகாயை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்காமல், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு அவளே விதை நீக்கி அரிந்தாள்.

எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் கொட்டியாயிற்று. "இப்போ பென்சிலோட சோளம்!" என்று டப்பாவைத் திறந்தாள்.

முன்வரிசை அப்படியே பின்னால் சாய்ந்தது.

"ஐயே!"

"நாத்தம், டீச்சர்!"

"யாரோட டப்பா இது? உவ்வே!"

பென்சில் டப்பாவையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தான். "நாறலை" என்றான். "காலையில டீச்சர் மோந்து பாத்தாங்க. நல்ல வாசனைன்னு சொன்னாங்க. நாறலை!"

"நாறுதுடா. நீயே மோந்து பாரு."

குனிந்து மோந்தான். அவன் முகம் சுருங்கியதை டீச்சர் பார்த்தாள். காலையில் பார்த்த மினுமினுப்பு வெண்ணெய் மட்டும் இல்லை, சோளம் ஊசிப்போன வழவழப்பு என்பது அப்போதுதான் உறைத்தது. யாரோ சிரித்தார்கள். "டீச்சர் மோப்பமே தப்பாகாது. இவன்தான் வர்ற வழியில ஏதோ பண்ணிட்டான்" என்றாள் ரேடியோ. அவளுக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. டீச்சரை விட்டுக்கொடுக்காமல் பேசினாள், அவ்வளவுதான்.

பென்சில் டப்பாவை மூடினான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினான்.

"காலையில நல்லா இருந்துச்சு, வெயில்ல கெட்டுப் போச்சு" என்று பூசி மெழுகிவிடலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அந்தக் கையை டீச்சர் பார்த்தாள். அதற்குமேல் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எல்லாரும் கத்தியைக் கீழே வைங்க" என்றாள். "பென்சில் பொய் சொல்லலை. நான்தான் பொய் சொன்னேன். அந்தச் சோளம் எப்படி மணந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. எனக்கு மூக்கு வேலை செய்யலை. போன வருஷம் காய்ச்சல் வந்துச்சே, அப்பவே போயிடுச்சு. இப்பவும் எனக்கு எந்த வாசனையும் வராது. நாத்தமும் வராது."

பென்சில் பக்கம் திரும்பினாள். "உன்கிட்ட நல்லா இருக்குன்னு சும்மா சொல்லிட்டேன். மன்னிச்சுக்கடா கண்ணு."

பென்சில் "சரி டீச்சர்" என்றான்.

முதலில் மீண்டது ரேடியோதான். "அப்போ நான் ஆரஞ்சு தின்னதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"உன் நகம் மஞ்சளா இருந்துச்சு."

"ஏமாத்து!" என்று அலறினாள். கோபமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பூ மணக்காதா? பினாயில்? பக்கத்தில் யாராவது குசு விட்டால்? தெரியாது என்று அவள் சொன்னதும், "டீச்சருக்கு ஜாலி!" என்று கடைசி பெஞ்சு உருண்டு புரண்டு சிரித்தது. ஒரு வருஷமாகக் கட்டிக் காத்த ரகசியத்தை அவர்கள் பால் பல் விழுந்த சேதிபோல லேசாக எடுத்துக்கொண்டார்கள்.

"அப்போ சல்சா எப்படி இருக்குன்னு உங்களுக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டது பென்சில்.

"நீங்கதான் சொல்லணும்."

அவன் கொத்தமல்லியில் ஒரு கிள்ளு எடுத்து மோந்தான். வெகு நேரம் யோசித்தான். "புல்லு வெட்டுற மிஷின் போகும்ல, அப்ப வர்றது. ஆனா பசிக்கும்."

அவ்வளவுதான், பந்தயம் தொடங்கிவிட்டது. எலுமிச்சம்பழத் தோல் பாத்திரம் கழுவுகிற சோப்பு மாதிரி என்று ஒருத்தன். சோப்புதான் எலுமிச்சம்பழம் மாதிரி என்று இன்னொருத்தி. தக்காளிக் காம்பு, செடியில் இருக்கும்போதே கையில் ஒட்டிக்கொள்கிற வாசனை. வெங்காயம், எங்க மாமா பேசினா வரும். எல்லாம் கலந்த பிறகு பாத்திரத்தின் மேல் குனிந்து ரேடியோ மட்டும் வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னாள்: "மழை வர்றதுக்கு முன்னாடி ஜன்னலைத் திறந்தா இருக்கும்ல டீச்சர், அது."

டீச்சர் பேக்கரியிலிருந்து கொண்டுவந்த காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றில் சல்சாவை எடுத்து வாயில் போட்டாள். உப்பு, புளிப்பு, கடைசியில் சுரீரென்று மிளகாய். கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மணம் வரவில்லை. ஆனாலும் இன்னொரு துண்டு எடுத்தாள். பாத்திரம் வழித்துத் துடைத்த மாதிரி காலியாயிற்று. சோளம் மட்டும் குப்பைக்குப் போனது. டப்பாவை அவளே கழுவிக் கொடுத்தாள்.

பிள்ளைகளிடம் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரிதானே. அன்று சாயங்காலம் கணவர் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"ரொட்டி வாங்க ஒரு வாயாடிப் பொண்ணு வந்துச்சு. 'அங்கிள், டீச்சருக்குத்தான் மூக்கு போச்சே, வீட்ல பால் தீஞ்சா நீங்கதான் சொல்லுவீங்களா?'ன்னு கேக்குது. கடையில அத்தனை பேருக்கு முன்னாடி நான் பேந்தப் பேந்த முழிக்கறேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். "உங்ககிட்ட மறைக்கணும்னு இல்லைங்க…"

"ஒரு வருஷமா வேற என்ன பண்ணினே? கேஸ் கசிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்? யோசிச்சியா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் குரல் இறங்கியது.

"நான் வேலை விட்டு வந்ததும் என் கழுத்துல மூக்கை வச்சு, 'இன்னைக்குப் பட்டை போட்ட பன்னா, வெண்ணிலா கேக்கா'ன்னு கேப்பே. திடீர்னு அதை நிறுத்திட்டே. பக்கத்துல வர்றதே இல்லை. எனக்கு வயசாயிடுச்சு, வேர்வை நாத்தம் உனக்குப் பிடிக்கலை போலன்னு நினைச்சுட்டேன்."

"என்னங்க இது!"

"அதான் வேலை முடிஞ்சதும் அங்கேயே ரெண்டு தடவை சோப்பு போட்டுக் குளிச்சு, சட்டை மாத்திட்டு வர்றேன். பேக்கரி பசங்க எல்லாம் கிண்டல் பண்றானுங்க."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தினமும் ஈரத் தலையோடு வருகிறாரே, பேக்கரியில் புதிதாகக் குளியலறை கட்டியிருப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சிரிப்பு வந்து, சிரிப்போடு அழுகையும் வந்தது. "சொல்லிட்டா அது நிஜமாயிடும்னு பயமா இருந்துச்சுங்க. அந்த மூக்கை வச்சுத்தான் எல்லாருக்கும் என்னைத் தெரியும். அதுவும் இல்லைன்னா நான் சும்மா ஒரு டீச்சர்தானே?"

"எனக்கு நீ டீச்சரே இல்லையே" என்றார் அவர். உடனே சமாதானமாகிவிடவில்லை. அன்று சாப்பிட்டு முடித்தும் 'நல்லா இருக்கு' சொல்லவில்லை. "கொஞ்சம் அடிப்பிடிச்சிருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன முதல் குறை அது. அவளுக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது.

மறுநாள் பள்ளி வாசலில் பென்சிலின் அம்மா காத்திருந்தாள். ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தாள். முகத்தில் கலவரம்.

"டீச்சர், சோளத்தை முந்தின நாள் சாயங்காலமே அவிச்சு சூட்டோட மூடி வச்சுட்டேன். யாருக்கும் வயிறு கெடலையே?"

"யாரும் வாயிலயே வைக்கலைம்மா. தப்பு என்மேல. உங்க பையன்தான் பாவம், என்னால தலைகுனிஞ்சு நின்னான்."

"அவனா? 'டீச்சர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க'ன்னு தெரு முழுக்கத் தம்பட்டம் அடிச்சுட்டு இருக்கான்." சிரித்தவள், சட்டென்று நர்ஸாகிவிட்டாள். "அது இருக்கட்டும் டீச்சர். மூக்கை யார்கிட்டயாவது காட்டினீங்களா? இல்லையா? இந்த வாரமே வாங்க. நான் கூட வர்றேன்."

தலைமையாசிரியையும் கூப்பிட்டு அனுப்பினார். வேலைக்கே ஆபத்தோ என்று பயந்துகொண்டே போனாள். அவர் திட்டியது ஒரே விஷயத்துக்குத்தான். "எங்காவது புகை கிளம்பினா உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்ல?" அன்றே பக்கத்து வகுப்பு டீச்சரிடம் இந்த அறையையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாம் வகுப்போ அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு ஆளை மூக்கு லீடராக நியமித்துவிட்டிருந்தது. முதல் வாரம் பென்சில். அவன் தினமும் காலையில் எல்லா டப்பாவையும் திறக்கச் சொல்லி மோந்து, ஒரு இன்ஸ்பெக்டரின் கண்டிப்போடு தலையாட்டினான்.

காது மூக்கு தொண்டை டாக்டர் உறுதி எதுவும் தரவில்லை. நரம்பு அடிபட்டிருக்கிறது, மெதுவாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். தினமும் காலையும் மாலையும் நாலைந்து பொருளை மோந்து, அதன் வாசனையை நினைவுக்குக் கொண்டுவந்து பழக வேண்டும். கணவர் பேக்கரியிலிருந்து கிராம்பு, பட்டை, எலுமிச்சம்பழத் தோல், வெண்ணிலா என்று சின்னச் சின்னப் புட்டிகளில் கொண்டுவந்தார். அவள் கண்ணை மூடி மோப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து விளக்குவார். விளக்கத் தெரியாத மனுஷர். "கிராம்பு… கிராம்பு மாதிரிதான் இருக்கும், வேற எப்படிச் சொல்றது?" என்று தலையைச் சொறிவார். "மூணாங் கிளாஸ் பசங்க உங்களை விட நல்லா சொல்றாங்க" என்பாள் அவள்.

மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் கிராம்பில் ஏதோ ஒரு கீற்று. மறுநாள் அதுவும் இல்லை. பிறகு காபி திரும்பியது, ஆனால் ரப்பர் எரிந்த வாடையாக. பதறிப்போய்க் கேட்டால், "தப்பா வந்தாலும் வருதே, நல்லதுதான். விடாம பண்ணுங்க" என்றார் டாக்டர். எலுமிச்சம்பழம் மட்டும் எலுமிச்சம்பழமாகவே வந்தது, சில காலைகளில்.

சமீபத்தில் ஒரு சாயங்காலம் கணவர் அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிட்டு அவள் மூக்குக்கு நேரே பிடித்தார். அவள் இழுத்தாள், நிறுத்தினாள், மறுபடி இழுத்தாள்.

"வருதுங்க!"

"என்ன வருது? சொல்லு, சொல்லு!"

"நனைஞ்ச அட்டைப்பெட்டி."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. "காலம்பூரா ரொட்டி சுடறேன். இப்படி ஒருத்தரும் என்னை அவமானப்படுத்தினதில்லை" என்று எழுந்துவிட்டார். அவள் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்த அட்டைப்பெட்டியை வெண்ணெய் தடவி இரண்டு பேரும் முழுசாகத் தின்றுதீர்த்தார்கள்.